கட்டிக்கொடுத்த வீடும் திருப்பிக்கொடாத நிலமும்

"இலங்கையில் போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. சாலை போட்டாயிற்று, 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் இரயில் விட்டாயிற்று, இந்திய அரசே ஆயிரக்கணக்கில் வீடும் கட்டிக்கொடுத்துவிட்டது. இன்னும் அவர்களுக்கு என்ன குறை?"

இக்கேள்வி நம் ஊர்களில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். முகாம்களுக்கு அரிசியும் துணியும் அனுப்பியவர்கள். தவக்காலக் காணிக்கையை மனமுவந்து கொடுத்தவர்கள். ஆகவேதான் இக்கேள்வியைப் புறந்தள்ளாமல் பொறுப்போடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வியில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கொடுத்த பொருள்களை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை நிறைந்தால் கடமை தீர்ந்தது என்று கொள்ளும் கணக்கு அது. போர் அந்த மக்களிடமிருந்து கூரையைப் பறிக்குமுன்பே மற்றொன்றைப் பறித்துவிட்டது. தம் ஊரைப் பற்றித் தாமே தீர்மானிக்கும் உரிமையே அது. எங்கே குடியிருப்பது, எப்போது புறப்படுவது, எந்தக் கரையில் வலை வீசுவது, எந்த வயலில் விதைப்பது என்பனவற்றையெல்லாம் துப்பாக்கி ஏந்தியவர்களே தீர்மானித்தனர். அவ்வுரிமை திரும்பாத வரையில் எத்தனை வீடு கட்டினாலும் அது கட்டட வேலையே, மறுவாழ்வு ஆகாது.

இரு மலைகள், ஒரே பஞ்சம்

ஏற்காட்டு மலையில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை? வரலாறு அறிந்தோர் இவ்வாறு கேளார்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதே நூற்றாண்டில் கடலுக்கு அப்பால் இலங்கை மலைகளிலும் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைப் பரப்பினர். 1869இல் அங்கே இலைத்துரு நோய் கண்டது, காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் ஆட்களின் தேவை மாறவில்லை. சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளின் வறண்ட சமவெளிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய குடும்பங்கள் கடல் கடந்து அந்த மலைகளில் ஏறின. இம்மலைத் தோட்டங்களுக்குக் கூலிக்கு வந்தவரும் அம்மலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவரும் ஒரே பஞ்சத்தின் பிள்ளைகள்.

அப்படிச் சென்றவர்களின் மக்களுக்கும் பேரர்களுக்கும் நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 மனிதர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது. 1974இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சந்தையில் ஆடுமாடுகளைப் பிரிப்பது போன்ற இப்பிரிவினையில், பிரிக்கப்பட்ட மனிதர்களிடம் "உங்கள் விருப்பம் என்ன?" என்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

பிறர் வாழ்வைப் பிறர் தீர்மானிக்கும் தீமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? போர்க்காலத்திலும் போருக்குப் பின்னும் நடந்தவை இத்தீமையின் தொடர்ச்சியே.

நெகேமியாவின் மதில்

அழிந்த ஊரை மீண்டும் கட்டுவது பற்றி எண்ணும்போது விவிலியத்தில் நெகேமியா நூல் நம் நினைவுக்கு வரும். எருசலேமின் மதில் 52 நாளில் எழும்பிய செய்தியை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அது எழும்பிய விதத்தை ஊன்றிப் படிப்போர் சிலரே. மூன்றாம் அதிகாரம் முழுவதும் பெயர்ப் பட்டியல். பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்வோர், வணிகர், தன் புதல்வியரோடு வந்து வேலை செய்த ஒருவர் என்று அது நீள்கிறது. அவர்களுள் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாமே பழுதுபார்த்தனர். தன் வாசலுக்கு நேரே நிற்கப்போகும் சுவரை எவரும் அரைகுறையாகக் கட்டமாட்டார்.

இன்னும் முக்கியமானது ஐந்தாம் அதிகாரம். மதில் வேலை நடுவில் இருக்கும்போதே ஏழைகள் ஓலமிடுகின்றனர். வயலும் தோட்டமும் வீடும் அடைமானத்தில் போய்விட்டன. பிள்ளைகள் அடிமைகளாயினர் என்று முறையிடுகின்றனர். "முதலில் மதில் முடியட்டும், நிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று நெகேமியா சொல்லவில்லை. பெரியோரைக் கூட்டிக் கடிந்து, பறித்த வயல்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்த பிறகே மதில் நிறைவுபெற்றது. மதிலைக் கொண்டாடி வயலை மறக்கும் மறுசீரமைப்பு நெகேமியாவின் வழியன்று.

"மாதிரிக் கிராமம்"

இலங்கையின் வடக்கில் நடந்ததைப் பார்ப்போம். 2009 மே மாதம் போர் முடிந்தபின் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பண்ணை முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012 செப்டம்பரில் அம்முகாம் மூடப்பட்டபோது, "கடைசி ஏதிலியும் ஊர் திரும்பிவிட்டார்" என்று அரசு உலகுக்கு அறிவித்தது. உண்மை வேறாக இருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்குப் போகவில்லை. அவர்களது நிலத்தில் இராணுவம் தளம் அமைத்திருந்தது. சீனியாமோட்டை என்ற இடத்தில் காட்டை வெட்டி அவர்களை இறக்கிவிட்டனர். பின்னர் அவ்விடத்துக்கு "மாதிரிக் கிராமம்" என்று பெயரிட்டனர்.

அங்கே வீடுகள் எழும்பின. அரசின் கணக்கேட்டில் அவர்கள் மீள்குடியேறியவர்கள் ஆயினர். ஆனால் தம் தென்னையும் கிணறும் வயலும் நந்திக்கடல் கரையும் கம்பிவேலிக்கு அப்பால் இருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் வாழ்ந்தனர். தன் சொந்தத் தோப்பை வேலி வழியே பார்த்துக்கொண்டு, தேங்காயைக் கடையில் விலைக்கு வாங்கும் பெண்ணுக்கு எந்த வீடு ஆறுதல் தரும்?

2017 சனவரி இறுதியில் அப்பகுதியின் பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாமின் வாயிலில் குடிசை போட்டுக் குழந்தைகளோடு அமர்ந்தனர். பகலில் வெயில், இரவில் பனி. ஒரு மாதம் கழிந்து மார்ச்சு முதல் நாளில் ஏறத்தாழ 40 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. ஐந்தாண்டு விண்ணப்பங்கள் பெற்றுத் தராததை முப்பது நாள் உறுதி பெற்றுத் தந்தது.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் கதை இதனினும் நீண்டது. 1990இல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து வெளியேறிய மக்கள் கால் நூற்றாண்டாக முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்தனர். 2013இல், போர் முடிந்து நான்காண்டு ஆன நிலையில், 6,381 ஏக்கர் தனியார் நிலத்தைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தபின் 2015 முதல் நிலம் பகுதி பகுதியாக விடுபடலாயிற்று. போர் நிறுத்தத்தால் தானாக வந்த நன்மை அன்று இது. மக்கள் கேட்டுப் பெற்றது.

இரும்பு வீடும் கல் வீடும்

"கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பார் சிலர். பார்க்கத்தான் வேண்டும். அந்த மாட்டைக் கட்டிப் பராமரிக்கப் போகிறவர் கொடுத்தவர் அல்லர்.

2015, 2016ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகளைத் தருவதாகத் திட்டமிட்டது. ஆர்சலர்மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனம் உறுப்புகளைக் கொண்டுவந்து பொருத்தும். ஒரு வீட்டுக்கு இலங்கை ரூபாயில் ஏறத்தாழ 21 இலட்சம் செலவு. அதில் ஏறத்தாழப் பாதியில் ஒரு கல் வீடு கட்டிவிடலாம் என்று பலர் கணக்கிட்டுக் காட்டினர். வெப்பம், காற்றோட்டம், அடித்தளத்தின் வலு, பின்னாளில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டும் வசதி ஆகிய எல்லாவற்றிலும் ஐயங்கள் எழுந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞர்களே குறைகளை எடுத்துரைத்தனர். மேலும் அந்த இரும்பு வீட்டில் ஊர்க் கொத்தனுக்கு வேலையில்லை, தச்சனுக்கு வேலையில்லை, மணல் அள்ளுபவனுக்குக் கூலியில்லை. வடக்கின் பெயரால் செலவாகும் பணம் வடக்கின் மண்ணைத் தொடாமலே போய்விடும்.

"விண்ணப்பித்தவர் ஆயிரமாயிரம் பேர்; மக்கள் விரும்புகிறார்கள்" என்று திட்டத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். தகரக் கொட்டகையில் மழைக்கு நனைகிறவர் எந்தக் கூரைக்கும் விண்ணப்பிப்பார். ஒரே ஒரு பொருளை முன்னே வைத்து "வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்பது கலந்தாலோசனை ஆகாது. எதிர்ப்பு வலுத்தபின் அத்திட்டம் கைவிடப்பட்டு, கல் வீடுகளின் பக்கம் பேச்சு திரும்பியது.

இதற்கு நேர் எதிரான வழியும் அதே மண்ணில் நடைபெற்றது. இந்திய அரசு 2010இல் 50,000 வீடுகளுக்கு வாக்களித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் வழியாகக் கட்டிப் பார்த்தது. அதன்பின் 2012 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய 45,000 வீடுகளின் பெரும்பகுதியில் முறையை மாற்றியது. உரிமையாளரே கட்டுவார்; பணம் அவரது வங்கிக் கணக்கிலேயே நேராக வந்துசேரும். அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை என்று மொத்தம் 5,50,000 இலங்கை ரூபாய். வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே, கிணற்றுக்கு எத்தனை முழத் தொலைவு, எந்தக் கொத்தனை வைப்பது என்பனவற்றைக் குடும்பமே முடிவுசெய்தது. கணவனை இழந்த பெண்கள் சிமெந்து மூட்டையின் விலை பேசக் கற்றனர். கொத்தனின் வேலையை மேற்பார்வையிட்டனர். அவர்களுக்குக் கிடைத்தது 550 சதுர அடி வீடு மட்டுமன்று. பல ஆண்டுகளுக்குப் பின் தாமே எடுத்த ஒரு முடிவு.

இம்முறையையும் கண்மூடிப் புகழ்வதற்கில்லை. விலைவாசி ஏறியது, மானியம் போதவில்லை. நகையை அடகுவைத்தும் நுண்கடன் வாங்கியும் கூரையை முடித்தவர் பலர். அக்கடன் வீட்டைவிடப் பாரமாயிற்று. காணாமற்போன கணவனின் பெயரில் உறுதி இருந்த நிலத்துக்கு, மரணச் சான்றிதழ் கேட்டனர் அதிகாரிகள். கணவன் உயிரோடிருக்கிறான் என்று நம்பும் மனைவி அந்தத் தாளில் எப்படிக் கையொப்பமிடுவாள்? "காணாமற்போனவர்" என்றே சான்றிதழ் பெறும் வழி 2016இல்தான் சட்டமாயிற்று. முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்து, அதற்கு வேண்டிய பொருளையும் சட்டத் துணையையும் கொடாதிருப்பது, ஏரைக் கொடுத்து மாட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதாகும்.

மூன்று தடைகள்

மக்களிடம் பொறுப்பை விட வேண்டும் என்றால் உடனே மூன்று தடைகள் எழுப்பப்படும்.

முதலாவது, வேகம். "மக்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும்" என்பர். மேலே கண்ட கணக்கே இதற்கு விடை. ஒப்பந்தக்காரர் கையில் 1,000 வீடுகள் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டாயிற்று. உரிமையாளர் கையில் 40,000க்கும் மேற்பட்டவை 2012 இறுதிக்கும் 2015 இறுதிக்கும் இடையில் எழும்பின.

இரண்டாவது, அறிவு. "பாமர மக்களுக்குத் திட்டமிடத் தெரியுமா?" என்பர். யாழ்ப்பாணத்து மூளாயில் 1936லேயே மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு மருத்துவமனையை நிறுவினர். கள் இறக்கும் தொழிலாளர் தம் சங்கங்கள் வழியே தம் பிழைப்பைக் காத்தனர். மீனவர் கூட்டுறவுகளும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் போரின் நடுவிலும் அணையாமல் இருந்தன. இவர்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்பவர், தாம் அம்மக்களைப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

மூன்றாவது தடை வலுவானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "ஊர், ஊர் என்கிறீர்களே, ஊர் ஒன்றாகவா இருக்கிறது?" என்ற கேள்வி அது. உண்மைதான். வலிகாமத்து முகாம்களில் கடைசிவரை தங்கிவிட்டவருள் பலர் நிலமற்றவர், ஒடுக்கப்பட்ட சாதியினர். உயர்சாதியார் தம் காணிக்குத் திரும்பினர். திரும்ப ஒரு காணியே இல்லாதவர் எங்கே போவார்? 1990 அக்டோபரில் வடக்கின் முசுலிம் மக்களை விடுதலைப் புலிகள் சில நாள் கெடுவில், சில இடங்களில் சில மணி நேரத்தில், துரத்தினர். பிறந்த மண்ணைவிட்டுப் போகும்படி தீர்மானித்தவர் அப்போது அரசு அல்லர். தமிழரின் பெயரால் துப்பாக்கி ஏந்தியவர்கள். பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்த அந்த முசுலிம் குடும்பங்களை "யார் நீங்கள்?" என்று கேட்ட ஊர்களும் உண்டு.

ஆகவே, "ஊர்" என்பது கோயில் முன்றிலில் முதல் வரிசையில் அமரும் பெரியவர்களின் பட்டியல் ஆகிவிடக் கூடாது. நிலமற்றவர், கைம்பெண்கள், அயல்மதத்தார் ஆகியோர் வாய் திறக்காத கூட்டத்தின் தீர்மானம் ஊரின் தீர்மானம் ஆகாது. ஆனால், ஊருக்குள் நீதி குறைவு என்பதற்காக ஊருக்கு வெளியே இருப்பவரிடம் அதிகாரத்தைக் கொடுப்பது நோய்க்கு மருந்தாகாது. வெளியிலிருந்து வருபவர் முதலில் கைகுலுக்குவது அந்த முதல் வரிசையோடுதான். திறந்த கூட்டமும், எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும் கணக்கும், நலிந்தவருக்கு முதல் உரிமையும் இருந்தால்தான் அக்குறை தீரும்.

தாமே எழுந்தவர்களுக்கு நேர்ந்தது

இவையெல்லாம் போருக்குப் பின் எவரோ கற்றுத்தந்த புதிய பாடங்கள் அல்ல. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் வன்னிக்கு ஓடிவந்தபோது, கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தீயம் என்ற இயக்கம் அவர்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தியது. பண்ணைகள், பாலர் பள்ளிகள், உடல்நலப் பணி என்று அம்மக்களே தம் ஊர்களை உருவாக்கினர். அவர்களுள் நம் சேலத்துச் சமவெளிகளிலிருந்து போனவர்களின் வழிவந்தோரும் இருந்திருப்பர் என்று எண்ணுவதில் தவறில்லை.

அதன் முடிவு என்ன? 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். அதே ஆண்டு சூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் இராசசுந்தரம் மாண்டார். டேவிட் உயிர் தப்பி, பல்லாண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் மறைந்தார். மலையக ஏதிலியர் குடியேறியிருந்த டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர்; சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பங்களும் அங்கே அமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் புலிகள் புகுந்து அந்த ஏழைகளைக் கொன்றனர். கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவர்களும் அந்த இடத்தைத் தாமாகத் தேர்ந்தவர்கள் அல்லர்.

இங்கே ஓர் உண்மை புலப்படும். ஏழைக்குக் கஞ்சி ஊற்றுபவரை எந்த அரசும் சிறையில் அடைப்பதில்லை. ஏழை தானே நிலத்தை உழுது, தானே கூடி முடிவெடுக்கத் தொடங்கும்போதுதான் அதிகாரம் நடுங்குகிறது.

தமிழகம் வந்த ஏதிலியரும் வெறும் கையேந்திகளாக இருந்துவிடவில்லை. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஏதிலியராலேயே நடத்தப்பட்டது. முகாம்களில் கல்வியும் உடல்நலமும் தொழிற்பயிற்சியும் அவர்கள் கையாலேயே வளர்ந்தன. "ஒரு நாள் ஊர் திரும்பும்போது நம் ஊரை நாமே கட்ட வேண்டும்" என்ற எண்ணமே அப்பயிற்சிகளின் உயிர்.

இரணைதீவின் வெள்ளைக் கொடிகள்

அந்த எண்ணம் வீண்போகவில்லை என்பதற்கு இரணைதீவு சான்று. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்விரட்டைத் தீவின் கத்தோலிக்க மீனவ மக்கள் 1992இல் போரினால் கரைக்கு வந்து, முழங்காவில் அருகே இரணைமாதா நகரில் தங்கினர். போர் முடிந்தபின்னும் தீவில் கடற்படை இருந்தது. குடியேற அனுமதி இல்லை. மனு கொடுத்தனர், அதிகாரிகளைப் பார்த்தனர். 2017 மே முதல் நாளில் தொடர் போராட்டம் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 2018 ஏப்பிரல் 23ஆம் நாள் பொறுமையின் எல்லையில் நின்ற அம்மக்கள், வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில், பெண்களும் முதியோருமாகத் தாமே தீவுக்குப் போய் இறங்கினர். பாழடைந்த கோயிலின் அருகே தங்கினர். வெளியேற மறுத்தனர். அடுத்த மாதமே அரசு அவர்களது குடியேற்றத்தை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

ஒரு கல்லும் எறியப்படவில்லை, ஒருவரும் காயமுறவில்லை. வீடு கேட்டு அவர்கள் போகவில்லை. வீடுகள் இடிந்து கிடந்தன. தம் மண்ணில் கால் வைத்தபின் கூரையைத் தாமே போட்டுக்கொள்ளலாம் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

எனினும் 2021 மார்ச்சில் என்ன நடந்தது? கொரோனாவால் இறந்த முசுலிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்துவந்த அரசு, உலகின் கண்டனத்துக்குப் பின் அடக்கத்துக்கு இசைந்தது. அதற்கு இரணைதீவைத் தேர்ந்தெடுத்தது. தீவு மக்களையும் கேட்கவில்லை. தம் உறவினரைத் தம் ஊர் மண்ணில் அடக்க விரும்பிய முசுலிம் மக்களையும் கேட்கவில்லை. இரு தரப்பும் எதிர்த்தபின் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு இடம் மாறியது. ஒரே ஆணையில் இரு சமூகங்களை அவமதிக்கவும், ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்தவும் முடிந்தது. மக்களைக் கேளாத ஆட்சி எப்போதும் இவ்வாறே மக்களைப் பிரிக்கும்.

நம் பங்கு

இலங்கை அரசைக் குறை கூறிவிட்டு நாம் எளிதில் தப்பிக்க முடியாது. சிறு சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931லேயே திருத்தந்தை 11ஆம் பயஸ் தம் சுற்றுமடலில் எழுதினார். இக்கோட்பாட்டை நாம் கருத்தரங்குகளில் போற்றுகிறோம். ஆனால் நம் அறப்பணிகளில் பயனாளர் பட்டியலை யார் தயாரிக்கிறார்? வீட்டின் வரைபடத்தை யார் வரைகிறார்? நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லைச் சுவரில் பதிக்கும்போது, அந்தச் சுவருக்குள் வாழப்போகிறவரின் ஒப்புதலைப் பெறுகிறோமா? திறப்பு விழாவில் அவருக்கு இருக்கை எங்கே?

நம் மாநிலத்தையும் பார்ப்போம். 2021இல் தமிழக அரசு ஏதிலியர் முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகளை அறிவித்தது. பாழடைந்த கூரைகளின் கீழ் முப்பதாண்டு கிடந்தவர்களுக்கு இது நற்செய்தி, மனதார வரவேற்கிறோம். அன்று முகாம்களில் மட்டும் 58,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். நம் சேலம் மாவட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளி முடித்தவர்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. இங்கேயே தங்குவதா, ஊர் திரும்புவதா என்ற முடிவை அவரவர் தாமே எடுக்க வேண்டும். எடுக்கும் முடிவு எதுவாயினும் அதற்குச் சட்டம் வழி திறக்க வேண்டும். புதிய வீட்டில் பழைய நாடின்மையைக் குடிவைப்பது மறுவாழ்வு ஆகுமா?

ஏன், நம் சேர்வராயன் மலையிலேயே இந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் போன்றோரின் உரிமையைத் தீர்மானிக்கும் முதல் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. தமிழகத்தில் 2008இல் வந்த உயர் நீதிமன்ற ஆணையால் உரிமைப் பட்டா வழங்கல் தடைபட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கும் வரை எட்டாண்டு வீணாயிற்று. போரே இல்லாத மலையில், சட்டமே கொடுத்த குரலுக்கு இந்நிலை என்றால், இராணுவ வேலிக்கு வெளியே நிற்பவரின் நிலையை ஊகிக்கலாம்.

எனவே அன்பு வாசகர்களே, இனி எவர் வந்து எந்தப் போர்நிலத்தின் பெயரால் உதவி கேட்டாலும், கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது? இந்தத் திட்டத்தை முடிவுசெய்த கூட்டத்தில் அங்கே வாழப்போகிறவர் எத்தனை பேர் பேசினர்? செலவுக் கணக்கு அவர்கள் முன்னிலையில் வாசிக்கப்படுமா? மூன்றுக்கும் நேரான விடை வந்தால் தாராளமாகக் கொடுப்போம். வராவிட்டால், பணத்துக்குப் பதிலாக அந்தக் கேள்விகளையே அம்மக்களோடு சேர்ந்து உரியவரிடம் எழுப்புவோம். அதுவும் ஓர் உதவியே.

நம் மாவட்டத்து முகாம்களுக்கு அடுத்த முறை போகும்போது வாழ்த்துரையும் மூட்டைகளும் கொண்டுபோகும் வழக்கத்தைச் சற்று நிறுத்திவைப்போம். பாய் விரித்து அவர்களை முதலில் பேசச் சொல்வோம். அவர்கள் கேட்பது நம்மிடம் இருக்கும் பொருளாக இல்லாமல் போகலாம். ஓர் ஆவணமாக, ஒரு கையொப்பமாக, ஆட்சியர் அலுவலகத்தில் உடன் நிற்கும் ஓர் ஆளாக இருக்கலாம். அதைக் கொடுக்க நாம் அணியமா?